முள்ளெலி பீயில நூல் நூலா இருக்கு, லங்வார்மா (நுரையீரல் புழு)? (இங்கிலாந்து)

12 செப்டம்பர், மாலை 6:12 – கேள்வி

லெஸ்டர்ல இருக்கேன். நேத்து மத்தியானம் பின்னாடி தோட்டத்துல ஒரு சின்ன முள்ளெலி, பகல்லயே தள்ளாடிக்கிட்டு சுத்துச்சு. கிச்சன் தராசுல வச்சா 310 கிராம். மூச்சு விடும்போது கரகரன்னு சத்தம், நடுவுல இருமுது. பீ பச்சையா, வழவழன்னு. பையனோட ஸ்கூல் மைக்ரோஸ்கோப்புல ஒரு துளி தண்ணில கலக்கிப் பாத்தேன், கண்ணாடி நூல் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு ஏகப்பட்டது கிடக்கு, நெட்ல வர்ற லங்வார்ம் படத்தோட அப்படியே ஒத்துப்போகுது. லங்வார்ம்தான்னு எனக்கு உறுதி. நாய்க்குட்டிக்கு வாங்குன பூச்சி மருந்து மிச்சம் இருக்கு, அதுல கால்வாசி குடுக்கலாமா?

12 செப்டம்பர், இரவு 9:50

குடுக்காதீங்க தம்பி. முதல்ல சூடு. உயரமான அட்டைப்பெட்டில பழைய டவலைப் போட்டு, ஹாட் வாட்டர் பாட்டில இன்னொரு டவல்ல சுத்தி ஒரு ஓரமா வைங்க, சூடு பிடிக்கலன்னா அது நகர்ந்து போக இடம் இருக்கணும். பால் கூடவே கூடாது. தண்ணி வைங்க. உடம்பு சூடான பிறகு கொஞ்சம் நாய் டின் உணவு வைக்கலாம். ராத்திரியே பக்கத்துல உள்ள முள்ளெலி ரெஸ்க்யூக்கோ (மீட்பு மையம்) வெட்டுக்கோ (கால்நடை டாக்டர்) போன் போடுங்க. இந்த மாசத்துல 310 கிராம்ங்கறது பெரிய அதிசயம் இல்ல, லேட்டா பொறந்த குட்டி அப்படித்தான் இருக்கும், பகல்ல தள்ளாடுறதுதான் மோசம்.

நாய் மருந்து ஏன் வேண்டாம்னா, எந்தப் புழுன்னு தெரியாம எந்த மருந்துன்னு எப்படி முடிவு பண்ணுவீங்க? தட்டைப்புழுவுக்கு ஒரு மருந்து, உருண்டைப்புழுவுக்கு வேற மருந்து. அது போக வத்திப்போய் குளுந்து கிடக்கிற உடம்புல மருந்தை ஏத்தினா புழுவுக்கு முன்னாடி முள்ளெலி போய்ச் சேந்துரும்.

அந்த நூல் நெளியுதா, சும்மா கிடக்கா? அதை முதல்ல சொல்லுங்க.

12 செப்டம்பர், இரவு 10:04

இன்னொண்ணு, முள்ளுக்கு நடுவுல, காதுக்குள்ள, வாலுக்கு அடியில வெள்ளையா கொத்துக் கொத்தா ஏதாவது ஒட்டிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. ஈ முட்டை. இந்த நேரத்துல ரெஸ்க்யூக்கு "புழு"ன்னு வர்ற போன்ல பாதி அந்த ஈப்புழுதான், குடல் புழு இல்ல. அது இருந்தா காலைல வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

13 செப்டம்பர், காலை 7:20

நெளியலன்னு போட்டுருக்கீங்க. அப்போ ரொம்ப கவனமா பாருங்க, அது புழுவா இல்லாம அதோட சாப்பாட்டு மிச்சமா இருக்கலாம்.

நான் பாளையங்கோட்டைல லேப் டெக்னீசியனா இருந்தவ. மோஷன் டெஸ்ட், ஓவா சிஸ்ட்னு (ஒட்டுண்ணியோட முட்டை, கூடு) மனுஷங்க பீயவே வருஷக்கணக்கா பாத்தாச்சு. இங்க வந்தப்புறம் வாரக்கடைசில ஒரு ரெஸ்க்யூல முள்ளெலி பீ பாக்கேன், வீட்டுல இதச் சொல்லிச் சொல்லியே சிரிப்பாங்க. மனுஷன் ஸ்லைடுக்கும் முள்ளெலி ஸ்லைடுக்கும் பெரிய வித்தியாசம் என்னன்னா, மனுஷன் வெந்த சோறு தின்னுட்டு வர்றான், இது வண்டு, மண்புழு, கம்பளிப்பூச்சி, மரவட்டைன்னு பச்சையா முழுங்கிட்டு வருது. அதனால ஸ்லைடு பூரா வண்டுக் காலு, கம்பளிப்பூச்சி மயிரு, மகரந்தம், புல்லு நாரு. இதெல்லாம் தாண்டித்தான் புழுவைத் தேடணும்.

நீங்க சொல்ற கண்ணாடி நூல், லேசா எஸ் வளைவு, முனை ரெண்டும் கூரா, நடுவுல கொஞ்சம் தடிப்பு, எல்லாமே கிட்டத்தட்ட ஒரே அளவு, உள்ளுக்குள்ள ஒண்ணுமே இல்லாம வெறுங்கண்ணாடியா இருந்தா அது மண்புழுவோட முள். மண்புழு மண்ணைப் பிடிச்சு நகர்றதுக்கு உடம்புல வச்சிருக்கிறது, செரிக்காது, அப்படியே வெளிய வரும். முள்ளெலி எவ்வளவு மண்புழு தின்னுச்சுன்னு கணக்குப் போட ஆராய்ச்சிக்காரங்க இந்த முள்ளைத்தான் எண்ணிப் பாப்பாங்க. நிஜமான லார்வாவுக்கு (புழுக்குஞ்சு) உள்ள குடல் தெரியும், மணி மணியா அழுக்கு நிறத்துல, முன்பக்கம் தொண்டைக்குழாய் தனியா தெரியும்.

13 செப்டம்பர், காலை 7:41

மைக்ரோஸ்கோப்புக்குக் கீழ ஐரிஸ்னு ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும், அதை பாதிக்கு மேல மூடுங்க. எல்லாரும் வெளிச்சம் கூட இருந்தா நல்லா தெரியும்னு தொறந்து வச்சுருவாங்க, லார்வா ஒளி ஊடுருவுற சாதி, வெளிச்சத்துல கரைஞ்சு காணாமப் போயிரும். ஸ்கூல் மைக்ரோஸ்கோப்புல ஐரிஸ் இல்லாம ஓட்டை ஓட்டையா ஒரு தட்டு சுத்தும், அதுல சின்ன ஓட்டை.

13 செப்டம்பர், இரவு 8:30

ரெஸ்க்யூல சேத்தாச்சுன்னு பாத்தேன், சந்தோஷம்.

இப்போ பொதுவா எழுதுறேன், நிறைய பேர் கேட்டிருக்கீங்க. இங்க உள்ள ஐரோப்பிய முள்ளெலிக்கு நுரையீரல்ல வர்ற புழு ரெண்டு. ஒண்ணு கிரெனோசோமா ஸ்ட்ரையாட்டம். இன்னொண்ணு கேபிலேரியா ஏரோஃபிலா. ரெண்டையும் சேத்து லங்வார்ம்னு சொல்லிடுறாங்க, ஆனா ஸ்லைடுல ஒண்ணு லார்வாவா வரும், ஒண்ணு முட்டையா வரும்.

கிரெனோசோமா மூச்சுக்குழாய்லயும் அதோட கிளைகள்லயும் இருக்கும். பொம்பளப் புழு உயிருள்ள லார்வாவையே விட்டுரும். அது சளியோட மேல வந்து, இருமும்போது தொண்டைக்கு வந்து, முள்ளெலி அதை முழுங்கி, குடல் வழியா பீயில வரும். பீயில இருந்து நத்தைக்கோ ஓடில்லாத நத்தைக்கோ உள்ள போகும் (இந்த ஊர்ல ஸ்லக்ம்பாங்க), அங்க வளந்து, அந்த ஸ்லக்கை முள்ளெலி தின்னா திரும்ப நுரையீரலுக்குப் போயிரும். தின்ன நாள்லருந்து பீயில லார்வா தெரிய ஏறக்குறைய மூணு வாரம். இந்த மூணு வாரம்ங்கறதை ஞாபகம் வச்சுக்கங்க, கீழ வேணும்.

லார்வா ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர் நீளம். புதுப் பீயா இருந்தா சும்மா இருக்காது, சுருண்டு விரிஞ்சு அடிச்சுக்கிட்டே கிடக்கும், பத்து லென்ஸ்ல (10எக்ஸ்) பாத்தா பக்கத்துல உள்ள குப்பையெல்லாம் தள்ளிவிடும். ஒரு தடவ பாத்துட்டா அப்புறம் யாரும் சொல்லித்தர வேண்டாம்.

13 செப்டம்பர், இரவு 9:15

"0.3ன்னு எப்படி அளக்குறது, எங்கிட்ட அளவுகோல் போட்ட ஐபீஸ் (கண்ணு வைக்கிற லென்ஸ்) இல்லையே". நல்ல கேள்வி. ஐபீஸ் மேல 10எக்ஸ்/18ன்னு எழுதிருக்கும், அந்த 18ஐ லென்ஸ் எண்ணால வகுத்தா கண்ணுக்குத் தெரியுற வட்டத்தோட குறுக்களவு மில்லிமீட்டர்ல வந்துரும். 4 லென்ஸ்னா 4.5, 10 லென்ஸ்னா 1.8, 40 லென்ஸ்னா 0.45. அப்போ பத்து லென்ஸ்ல வட்டத்துல ஆறுல ஒரு பங்கு நீளம் இருந்தா அது 0.3. சந்தேகம்னா நாலு லென்ஸ்ல பிளாஸ்டிக் ஸ்கேலை வச்சு சரிபாத்துக்கங்க. ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் வாங்க முடிஞ்சா இன்னும் நல்லது, ஒரு மில்லிமீட்டரை நூறாப் பிரிச்சிருப்பாங்க.

ஓடிக்கிட்டே இருக்குறதை அளக்க முடியாது. முதல்ல சலைன்ல (உப்புத் தண்ணி) உயிரோட பாருங்க. நெளியுறதைப் பாத்தாச்சுன்னா கவர்ஸ்லிப் (மேல மூடுற மெல்லிய கண்ணாடி) ஓரத்துல ஒரு துளி அயோடின் விடுங்க, மறுபக்கம் டிஷ்யூ பேப்பரை வச்சு இழுங்க, அயோடின் உள்ள போய் லார்வா பழுப்பாகி நேரா நின்னுரும். அப்போ அளங்க. ஊர்ல சலைன், அயோடின்னு ரெண்டும் போடுறது எங்களுக்குப் பழக்கம், இங்க பல வாலன்டியருக்கு இது தெரியல.

14 செப்டம்பர், மதியம் 1:05

பர்மிங்ஹாம் அண்ணன் ஒருத்தர் வீடியோ போட்டிருக்கார், நெளியுது, ஓடுது, ஆனா பீ எடுத்தது ரெண்டு நாள் கழிச்சு புல்லுலருந்து. அண்ணே, அது கணக்குல வராது. மண்ணுல தானா வாழுற உருண்டைப்புழு கோடிக்கணக்குல இருக்கு, பீ தரையில விழுந்த கொஞ்ச நேரத்துல உள்ள பூந்துரும். உங்க வீடியோவுல தொண்டைக்குழாய் முடியுற இடத்துல ஒரு குமிழ் தெரியுது, நிறுத்திப் பாருங்க. அது மண்ணுப் புழுவுக்கு உள்ளது. பெட்டில பேப்பர் விரிச்சு, அதுல விழுந்ததை அன்னைக்கே பாக்கணும்.

14 செப்டம்பர், இரவு 10:22

கேபிலேரியாவுக்கு வருவோம். முட்டை பீப்பா மாதிரி, ரெண்டு முனையிலயும் கார்க் அடிச்ச மாதிரி அடைப்பு. 60 மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு ஒரு மைக்ரான்) பக்கம் நீளம், 40 லென்ஸ்ல வட்டத்துல ஏழுல ஒரு பங்கு. பொம்பளப் புழு தலைமயிர் மாதிரி மெல்லிசு, அறுத்துப் பாத்தாக்கூட சளியில லேசுல தெரியாது, அதனால முட்டையை வச்சுத்தான் பிழைப்பு.

சிக்கல் என்னன்னா குடல்லயும் வேற கேபிலேரியா இருக்கு, முட்டை இதே சாயல். நுரையீரல்ல உள்ளதுக்கு ரெண்டு அடைப்பும் ஒரே நேர்கோட்டுல இல்லாம கொஞ்சம் சரிஞ்சிருக்கும், ஓட்டு மேல வேலைப்பாடு வேற மாதிரி இருக்கும்னு புஸ்தகத்துல போட்டிருக்கு. நல்ல லென்ஸ்ல, நல்ல முட்டை கிடைச்சா பாக்கலாம். ராத்திரி பத்து மணிக்கு வாலன்டியர் வேலைல "கேபிலேரியா முட்டை, நிறைய" அப்படின்னு சீட்டு எழுதி வெட்டுக்குக் குடுக்குறதுதான் நடக்குது, அதுல தப்பு ஒண்ணும் இல்லங்கறது என் கட்சி. மூச்சு சத்தத்தையும் எடையையும் சேத்து வச்சு வெட் முடிவு பண்ணுவாரு.

14 செப்டம்பர், இரவு 10:40

மேல எழுதினதுக்கு ஒரு வால். இதே வடிவம், ரெண்டு முனையும் அடைச்சு, ஆனா பொடிப்பொடியா, 40 லென்ஸ்லயே புள்ளி கணக்கா கொத்துக் கொத்தா இருந்தா அது முட்டையே இல்ல. மோனோசிஸ்டிஸ். மண்புழுவுக்குள்ள வாழுற ஒரு ஒட்டுண்ணியோட விதை. மண்புழுவைத் தின்ன யாரோட பீயிலயும் அப்படியே கடந்து வரும், பறவை பீயிலயும் பாக்கலாம். முள்ளெலிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. இதைக் கேபிலேரியான்னு நெனச்சு "பயங்கர லோடு"ன்னு எழுதுன சீட்டு நான் பாத்திருக்கேன். அளவு போடாம வடிவத்தை மட்டும் பாத்தா இந்த கதிதான். அதே மாதிரி முள்ளெலி தன்னையே நக்கும்போது உடம்புல உள்ள மைட்டும் (பொடி உண்ணி) அதோட முட்டையும் உள்ள போய் பீயில வரும், அது கேபிலேரியாவை விட ரொம்பப் பெருசு.

15 செப்டம்பர், காலை 6:55

"ஸ்லைடு நெகட்டிவ், அப்போ புழு இல்ல, வேற ஏதோ"ன்னு ஒருத்தர். அப்படி வராது. மேல சொன்ன மூணு வாரக் கணக்கு இங்கதான் வருது. புழு நுரையீரல்ல வளந்துக்கிட்டு இருக்கும், குட்டி இருமும், பீயில ஒண்ணும் வராது. வளந்த புழு இருந்தாலும் தினமும் ஒரே மாதிரி வராது, இன்னைக்கு அள்ளிக் கொட்டும், நாளைக்கு காலி. மூணு நாள் பீயை சேத்துப் பாக்கணும், நாலு இடத்துலருந்து கிள்ளி எடுக்கணும், ஸ்லைடை ஓரத்துலருந்து ஓரம் வரைக்கும் ஏர் உழுற மாதிரி வரிசையா பாக்கணும். நடுவுல ரெண்டு வட்டம் பாத்துட்டு நெகட்டிவ்னு எழுதுறவங்கள எனக்குப் பிடிக்காது.

15 செப்டம்பர், இரவு 9:30

பேயர்மன் முறை (பீயிலருந்து உயிருள்ள லார்வாவைப் பிரிக்கிற வழி) பத்தி கேட்டாங்க. புனல், கீழ ரப்பர் டியூப், கிளிப். புனல்ல வெதுவெதுப்பான தண்ணி, மேல மெல்லிய துணில பீயை முடிஞ்சு தண்ணில பட்டும் படாம வைக்கணும், ராத்திரி முழுக்க விட்டா உயிரோட உள்ள லார்வா துணியைத் தாண்டி வந்து நீந்தத் தெரியாம கீழ இறங்கி டியூப்ல சேரும், காலைல கிளிப்பைத் தொறந்து முதல் துளியைப் பாக்கணும். மண்ணுல கொக்கிப்புழு லார்வா தேடுறதுக்காக பேயர்மன் கண்டுபிடிச்சது, 1917ல பட்டேவியால வெளியாச்சு. செலவே இல்ல, அதுதான் அதோட அழகு. கிரெனோசோமாவுக்கு அருமை, கேபிலேரியாவுக்கு உபயோகமே இல்ல, முட்டை நீந்தி வருமா?

உப்புக் கரைசல்ல மிதக்கவிட்டுப் பாக்குற முறை அதுக்கு நேர் எதிர். கேபிலேரியா முட்டை மேல வந்து கவர்ஸ்லிப்ல ஒட்டிக்கும், கிரெனோசோமா லார்வாவை உப்பு உறிஞ்சி சுருங்கி அடையாளம் தெரியாமப் பண்ணிரும், ஃப்ளூக் (ஒரு தட்டைப்புழு) முட்டை கனம், அடியிலேயே தங்கிரும். ரெஸ்க்யூல சேந்த புதுசுல ஊர்ப் பழக்கத்துல எல்லாத்தையும் மிதக்கவிடணும்னு சண்டை போட்டேன். இப்போ யோசிச்சா, நெளியுதான்னு பாக்குற அந்த வெறும் ஈரத் துளிதான் முதல்ல, மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்னு தோணுது. 2010ல பிரிட்டன் முள்ளெலிகள்ல பீ டெஸ்டையும் அறுத்துப் பாத்ததையும் ஒப்பிட்டு ஒரு ஆய்வு வந்துச்சு, கிடைச்சா படிங்க.

16 செப்டம்பர், மதியம் 12:48

பேயர்மனுக்குத் துணிக்குப் பதிலா டீ வடிகட்டி வைக்கிறவங்க அதைத் தனியா வாங்குங்க. வீட்டு வடிகட்டியை எடுத்தா வர்ற பிரச்சினைக்கு இந்த இழைல தீர்வு கிடையாது.

17 செப்டம்பர், இரவு 8:05

ஃப்ளூக். பிராக்கிலீமஸ் எரினேசி. தட்டைப்புழு, குடல்லயும் பித்தக்குழாய்லயும் இருக்கும், இதுவும் நத்தை வழியாத்தான். முட்டை 35 மைக்ரானுக்குள்ள, பழுப்பு, ஒரு பக்கம் கொஞ்சம் சப்பை, ஒரு முனைல மூடி. 40 லென்ஸ் இல்லாம தேடவே வேண்டாம், மகரந்தம், காளான் விதைன்னு அதே அளவுல ஏமாத்துறதுக்கு நூறு இருக்கு. எல்லா ஏரியாவுலயும் கிடைக்காது, சில இடத்துல கொத்தா வரும். பீயை விட நடத்தை முதல்ல காட்டிக்குடுக்கும்: ராத்திரி முழுக்க கூண்டுக்குள்ள நிக்காம சுத்தும், நல்லா தின்னும், எடை மட்டும் ஏறாது, அப்புறம் ரத்தம் கலந்து போகும். இதுக்கு லங்வார்ம் ஊசி வேலைக்காகாது, பிராசிக்வான்டல் வேணும். நாடாப்புழு (ரோடென்டோலெபிஸ் எரினேசி) இருக்குன்னாலும் அதே மருந்துதான், அது வண்டு வழியா வரும், நான் அதிகம் பாத்ததில்ல.

17 செப்டம்பர், இரவு 8:31

டோஸ் கேக்காதீங்க. யார் கேட்டாலும் இங்க எழுத மாட்டேன். இங்க முள்ளெலிக்குக் குடுக்குற லெவமிசோல் (உருண்டைப்புழு மருந்து) எல்லாம் வேற மிருகத்துக்கு லைசென்ஸ் உள்ளது, வெட் தன் பொறுப்புல எடை பாத்துக் குடுக்குறது. கூடவே நுரையீரல்ல பாக்டீரியா சேந்திருந்தா ஆன்டிபயாட்டிக் வேணும், செத்த புழு மூச்சுக்குழாய்ல கிடந்து வீங்கினா அதையும் அவருதான் சமாளிக்கணும்.

19 செப்டம்பர், இரவு 11:10

இன்னைக்கு ஒரு சண்டை ஓடிருக்கு, வேலைல இருந்ததால இப்பத்தான் பாத்தேன். "காட்டு மிருகத்துக்கு புழு இருக்கிறது இயற்கை, விட்டுருங்க" ஒரு கட்சி. "தோட்டத்துல வைக்குற தீனில மாசாமாசம் பூச்சி மருந்து கலந்துருவேன்" இன்னொரு கட்சி.

ரெண்டாவதுக்கு முதல்ல. தயவுசெஞ்சு வேண்டாம். எந்த முள்ளெலி எவ்வளவு தின்னுச்சுன்னு தெரியாது, ஒண்ணு மூணு பங்கு தின்னும், நோயில கிடக்குறது வரவே வராது, மிச்சத்தைப் பூனை தின்னும். அரைகுறை டோஸ்ல தப்பிச்ச புழு மருந்துக்குப் பழகிப்போகும், ஆடு வளக்குறவங்கள கேட்டா கதை கதையாச் சொல்வாங்க.

முதல் கட்சிக்கு நான் பாதி ஆள். நல்ல எடையில, ராத்திரில ஓடியாடுற பெரிய முள்ளெலி பீயிலயும் லார்வா இருக்கும், அதைப் பிடிச்சு அடைச்சு ஊசி போடுறது அர்த்தமில்ல. ஆனா வத்துன வெயில்ல வண்டும் மண்புழுவும் கிடைக்காம ஸ்லக்கா தின்னு தின்னு வந்து விழுற குட்டிகிட்ட போய் இயற்கைன்னு சொல்ல எனக்கு வாய் வரல. புல்வெளியை வழிச்சு, மருந்தடிச்சு, வேலி போட்டு அடைச்சது நாமதானே. பிரிட்டன் பாலூட்டி சிவப்புப் பட்டியல்ல 2020ல இதை அழியக்கூடிய நிலைன்னு சேத்தாச்சு.

20 செப்டம்பர், காலை 10:15

"ஸ்லக் தொல்லைக்கு முள்ளெலி வாங்கி விடலாமா"ன்னு கேட்டவருக்கு: 1974ல ஸ்காட்லாந்து பக்கம் சவுத் உய்ஸ்ட் தீவுல இதே யோசனைல கொண்டுபோய் விட்டாங்க. அது பெருகி, தரையில கூடு கட்டுற கரையோரப் பறவைங்க முட்டையைத் தின்ன ஆரம்பிச்சு, அப்புறம் அதைப் பிடிச்சு வெளியேத்த படாத பாடு. வேலிக்கு அடியில சிடி அகலத்துல ஒரு ஓட்டை விடுங்க, ஏற்கெனவே அந்தத் தெருவுல உள்ளது வந்துட்டுப் போகும்.

20 செப்டம்பர், மாலை 5:40

நாய் வச்சிருக்கவங்க பயப்படுறாங்க. கிரெனோசோமா ஸ்ட்ரையாட்டம் முள்ளெலியோட புழு, நாய்க்கு வராது. நாய்க்கு வர்ற ஆஞ்சியோஸ்ட்ராங்கைலஸ் வேற, அதுவும் ஸ்லக் வழிதான், ஆனா அதுக்கு முள்ளெலி மேல பழி போடாதீங்க, நரியும் நாயும்தான் அதைப் பரப்புறது. நமக்கு முள்ளெலிகிட்டருந்து வரக்கூடியது படர்தாமரையும் சால்மொனெல்லாவும். கையுறை போடுங்க, ஸ்லைடை சாப்பாட்டு மேசைல வைக்காதீங்க.

22 செப்டம்பர், இரவு 9:00

முதல் கேள்வி கேட்ட தம்பி தகவல் போட்டிருக்கார். கண்ணாடி நூல் மண்புழு முள்ளுதான். ஆனா ரெஸ்க்யூல ரெண்டாவது நாள் பீயில கிரெனோசோமா லார்வா ஓடிச்சாம், கேபிலேரியா முட்டையும் கூட. ஆக, லங்வார்ம்னு அவர் சொன்னது சரி, காட்டுன சாட்சி மட்டும் வேற. ஊசி ஆரம்பிச்சிருக்காங்க, தானா தின்னுதாம். 450 கிராமாவது தாண்டி நிக்கணும், அதுக்கப்புறம்தான் வெளிய விடுற பேச்சு.

22 செப்டம்பர், இரவு 9:25

செத்த குட்டியை அறுத்தப்ப வயித்துக்குள்ள, குடலுக்கு வெளிய, வெள்ளையா முத்து முத்தா இருந்துச்சுன்னு ஒரு அக்கா எழுதிருக்காங்க. முள்தலைப் புழுவா இருக்கலாம், ப்ளேஜியோரிங்கஸ் சிலிண்ட்ரேசியஸ். உண்மையில பறவைக்கு உள்ள புழு. மரப்பேன் (கல்லுக்கு அடியில ஈரத்துல ஊர்றது, இங்க உட்லவுஸ்ம்பாங்க) தின்னு முள்ளெலிக்குள்ள வழிமாறி வந்துரும், குடல் சுவரைக் குத்திக்கிட்டு வெளிய போய் தங்கிரும். ஐரோப்பாவுலயும் நியூஸிலாந்துலயும் முள்ளெலில பதிவாகிருக்கு. ஸ்லைடுல தேடுனா பெரும்பாலும் சிக்காது. ஒண்ணை கத்தி முனையால கிழிச்சு ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல லேசா அமுக்குங்க, மூக்கு மாதிரி ஒரு தண்டு வெளிய வந்து அதுல வரிசையா கொக்கி நின்னா அதேதான்.

24 செப்டம்பர், இரவு 10:50

ஊர்லருந்து ஒரு தம்பி, "நம்ம தேரிக்காட்டு முள்ளெலிக்கும் இதே புழுவா"ன்னு. நம்மது வேற இனம், பேராகினஸ் நூடிவென்ட்ரிஸ், 1851ல ஹார்ஸ்ஃபீல்ட் பேர் வச்சது, தென்னிந்தியாவுல மட்டும் உள்ளது. இங்க உள்ள பட்டியலை அப்படியே அது மேல ஒட்டாதீங்க, சாப்பாடு வேற, மண்ணு வேற, ஈரமே இல்லாத செம்மண்ணுல ஸ்லக்குக்கு எங்க போக? ஆனா பாக்குற முறை ஒண்ணுதான். பிடிக்க வேண்டாம், காலைல புதுசா கிடக்குற பீ போதும், மண்ணுல படாத மேல்பக்கமா கிள்ளி எடுத்துட்டு கூட எடம், தேதி எழுதி வைங்க. இருமலுக்கு மருந்துன்னு அதையே பிடிக்கிறவங்க இன்னமும் இருக்காங்க, அந்த இருமல் மருந்துக்கே இருமல் வரும்னு சொன்னா நம்ப மாட்டாங்க.

26 செப்டம்பர், காலை 7:10

டென்மார்க்ல 16 வயசு வரைக்கும் ஒரு முள்ளெலி இருந்துச்சாமேன்னு கேட்டாங்க, அந்தக் கதை உண்மைதான். பொதுமக்கள் சேகரிச்ச 697 செத்த முள்ளெலில 388க்கு, தாடை எலும்பை வெட்டி வளையம் எண்ணி வயசு பாத்தாங்க. சராசரி ரெண்டு வயசுதான் வந்துச்சு. அந்த பதினாறு வயசுக் கிழம் கடைசில நாய் கடிச்சு செத்துச்சு, புழுவால இல்ல.

26 செப்டம்பர், காலை 7:18

இனிமே போட்டோ போடுறவங்க எந்த லென்ஸ், பீ எத்தனை மணிக்கு விழுந்துச்சு, பேப்பர்லயா புல்லுலயா, நெளிஞ்சுதா, இதை சேத்து எழுதுங்க. போனை ஐபீஸ்ல வச்சு ஜூம் பண்ணி அனுப்பாதீங்க, அளவு போயிரும், வட்டம் முழுசா தெரியுற மாதிரி எடுங்க. ஆறிப்போன பீ படத்துக்கு பதில் வராது.